பி.பி. முகவரி

ரேஷன் கார்டுக்கு விசாரிக்கிறவர் பதினோரு மணிக்கு வருவார் என்றார்கள், இப்போது பத்து இருபது. பின்வாசலில், துவைகல்லுக்குப் பக்கத்தில், இருளாயி அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். ஊதாதே என்று சொல்ல வேண்டும், மூச்சு அவளுக்கு அப்படி இறைக்கக்கூடிய பொருள் இல்லை, ஆனால் சொன்னால் சிரிப்பாள், சிரிப்புக்கும் மூச்சு போகும். மூன்று செங்கல். ஒவ்வொன்றிலும் உள்பக்கம் மட்டும் கரி, மில் மதில் ஓரத்தில் அவள் சமைத்த பதினோரு வருடத்துக் கரி, வெயிலும் மழையும் ஏறி இறுகி இப்போது கல்லுக்கே ஒரு தோல் போல ஆகிவிட்டது. நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அவற்றைச் சாக்கில் போட்டு இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள். தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து வளைந்துபோன முதுகு, அதோடு. "அக்கா, இதுதான் நம்ம சாட்சி. தண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவிப்புடாதீங்க, ஆமா" என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினாள். சுத்தம் எனக்கு ஒரு வியாதி என்று இந்தத் தெரு முழுக்கத் தெரியும். கழுவவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். விரலில் ஒட்டவில்லை. வருகிறவர் அடுப்பைத்தான் பார்ப்பாராம். ரேஷன் கார்டு குடும்பத்துக்கு. தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம். ஒரு கூரையின் கீழே இரண்டு இடத்தில் புகை கிளம்பினால் இரண்டு குடும்பம். கல்யாணம், ரத்தம், பாசம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அரசாங்கம் புகையைப் பிடித்துக்கொண்டது எவ்வளவு பழைய அறிவு என்று நேற்று யோசித்தேன். போன வாரம் எங்கள் தெரு ஜெபமாலை வீட்டில் மதில் ஓரத்துப் பெரியவர் ஒருவருக்காகப் புது அடுப்பு வாங்கி வைத்தார்கள், கடை ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். வந்தவர் ஸ்டிக்கரை வாசித்துவிட்டு, "நல்லா இருங்கம்மா" என்று போய்விட்டார். கார்டு வரவில்லை. இன்று வருகிறவர் வேறு ஆளாம். கேட்பார், இவங்க இங்க இருக்காங்களா என்று. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். இருக்காங்க. காலையிலிருந்து அதை வாய்க்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன், புளியங்கொட்டையை அடக்கிக்கொண்டது போல.

அந்தக் கேள்வியை முப்பத்தொரு வருடம் நான் கேட்டிருக்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், காதில் கருவி, முன்னால் ஓட்டை ஓட்டையாகப் பலகை, கையில் அழைப்பைக் குறிக்கும் கார்டு. ட்ரங்க் கால், வெளியூர்ப் பேச்சு. "விருதுநகர்லருந்து பேசுறாங்க, சண்முகவேல் இருக்காரா?" மளிகைக்கடையில், டாக்டர் வீட்டில், ரைஸ்மில்லில் எவரோ எடுப்பார்கள். "இருங்க, கூப்புடுறேன்." பிறகு அந்த ஓசை: செருப்பு தேய்ந்து ஓடுவது, கதவு, தூரத்தில் ஒரு பெயரைக் கூவுவது, நாய். ஊரில் நூறு வீட்டுக்கு ஒரு போன் இருந்த காலம். கல்யாணப் பத்திரிகையில், கடை ரசீதில், வேலைக்கான மனுவில், தன்னுடையதாக அடுத்த வீட்டு எண்ணைப் போட்டு, அருகில் சின்னதாகப் பி.பி. என்று எழுதுவார்கள். பர்டிகுலர் பர்சன். குறிப்பிட்ட ஆள். இந்த எண் என்னுடையது இல்லை, ஆனால் இங்கே கூப்பிட்டால் நான் வருவேன் என்று அர்த்தம். ஒருவர்கூட அதைப் பொய் என்று சொன்னதில்லை. சாவுச் செய்தியும் வேலைச் செய்தியும் அடுத்த வீட்டு வழியாகத்தான் வந்து சேர்ந்தன. அடுத்த வீட்டார் கதவைத் தட்டும் விதத்திலேயே எது என்று தெரிந்துவிடும். மூன்று நிமிடம் முடிந்தால் நான் நடுவில் நுழைவேன். மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கிறீங்களா? சிலர் அழுதுகொண்டே நீட்டிப்பார்கள். சிலர் பேச ஒன்றும் இல்லாமல், வெறும் மூச்சைக் கேட்பதற்காக நீட்டிப்பார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, காலேஜில் செய்யுளெல்லாம் படித்துவிட்டு வந்தவள், சொல்லுக்குத்தான் பொருள் என்று நினைத்திருந்தேன். அந்த மூச்சுகளைக் கேட்டதும் கார்டில் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

பி.பி. நினைவுக்கு வந்ததால்தான் இதெல்லாம். மெஹருன்னிசா வீட்டில், துணி வெட்டும் பலகையைச் சுற்றி, எங்கள் மில் லைன் வீட்டுப் பெண்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம். மில் மூடி இருபது வருடம். சங்கு நின்றுபோயும் காலை ஏழு மணிக்குத் தெருவில் தலைகள் ஒரு கணம் நிமிரும். எதிரே மதில். மதிலோரம் படுத்திருப்பவர்கள் பதினேழு பேர் என்றாள் மெஹருன்னிசா, எல்லார் பெயரும் சொன்னாள். எனக்கு ஒரு பெயரும் தெரியாது. பதினோரு வருடம் பால் வாங்கப் போகும்போது அந்த முகங்களைக் கடந்திருக்கிறேன். "சோறு குடுக்குறோம், போர்வ குடுக்குறோம், சரி. அட்ரஸ் இல்லாம அவுகளுக்கு ஒரு காயிதம் வருமா? நாம ஆளுக்கு ஒரு கதவு நம்பர் குடுப்போம்" என்றாள்.  பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். "ஒம்பது எடுத்துக்க." "பதினாலு." "பதினாலு பை ஒண்ணு என்னோடது, அதையும் போட்டுக்க." வாடகை வீட்டில் இருப்பவள் வீட்டுக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். தனக்கென்று ஒரு ஜன்னல்கூட இல்லாதவர்கள் எண்ணைக் கழற்றிக் கழற்றிக் கொடுத்தார்கள், காதில் கிடப்பதைக் கழற்றுவது போல. சொந்த வீட்டுக்காரி நான் ஒருத்திதான், கடைசியாகச் சொன்னவளும் நான்தான். இருபத்தொண்ணு. சொல்லிவிட்டு வெட்கத்தை மறைக்க, "இது நம்ம பழைய பி.பி. மாதிரிதான்" என்றேன். மெஹருன்னிசா பதறிவிட்டாள். "ஐயோ, யாருக்கு பி.பி.? உங்களுக்கா? மாத்திர சாப்புடுறீங்களா?" எல்லாரும் சிரித்தோம், நான் விளக்கினேன், அவளுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. மறுநாள் அங்கன்வாடிச் சுவரில் கரித்துண்டால் அழகாக எழுதிவைத்தாள்: பி.பி. உள்ள வீடுகள், 9, 14, 14/1, 17, 18, 20, 21. அவ்வளவுதான். மூன்றாம் நாள் சுகாதார நிலையத்து சிஸ்டர் ஒருத்தி ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியோடு லைனுக்குள் வந்துவிட்டாள், ஏழு வீட்டுக்குக் கொதிப்பு என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டு. என் வீட்டில் அப்போது இருளாயி விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வந்ததற்கு உங்களுக்கும் பார்க்கிறேன் என்று சிஸ்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றினாள், முகம் மாறியது, பட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டாள், வெகுநேரம் கேட்டாள். தமிழில் டெலிபோன் பி.பி.க்கும் ரத்த அழுத்தத்து பி.பி.க்கும் ஒரே எழுத்து. வேறு எழுத்தாக இருந்திருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள். இதை யார் எழுதினார்கள், கரித்துண்டா, மெஹருன்னிசாவா, நானா, நினைக்க நினைக்கக் கை தானாகக் குவிகிறது, கோயிலில் கருவறைக்கு முன்னால் திரை விலகும்போது குவிவது போல.

பத்து நாற்பது. உலை இன்னும் கொதிக்கவில்லை. விறகு ஈரம். இருளாயிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம், சின்ன வயதுக் காய்ச்சலில் வந்திருக்குமாம். அடுத்த மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்றாள் ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர், காப்பீட்டு அட்டை இருந்தால் உடனே பண்ணிவிடலாம், அதற்கு ரேஷன் கார்டு வேண்டும். கார்டுக்கு முகவரி. முகவரிக்கு நான். ஒரு மனுஷியின் நெஞ்சுக்குள் திறந்து மூடும் ஒரு சவ்வுக்கும் என் கதவில் ஆணி அடித்திருக்கும் இந்த இருபத்தொண்ணு என்ற தகரத்துண்டுக்கும் நடுவில் கம்பி இழுத்துவிட்டார்கள். சிஸ்டர் வந்த அன்றைக்கு, அவள் இருமலில் குனிந்தபோது, முதுகில் கை வைத்தேன். உள்ளங்கைக்குள் ஒரு அதிர்வு. ஐப்பசி மழையில் நனைந்த ட்ரங்க் லைன் அப்படித்தான் இரையும், தூரத்து ஊரின் குரலுக்குப் பின்னால் கம்பி முழுக்க ஒரு ரீங்காரம். இரைச்சலைக் குறை சொல்லாதே, லைன் உயிரோடு இருப்பதற்கு அதுதான் அடையாளம் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேரி ஸ்டெல்லா சொல்வாள். இரையாத லைன் செத்த லைன். கையை எடுக்கத் தோன்றவில்லை. என் கணவர் சாகும்போதுகூட நான் ஒரு உயிரை இவ்வளவு கிட்டத்தில் தொட்டதில்லை என்று நினைத்தேன். இருளாயி நெளிந்தாள். "என்னக்கா, பேன் பாக்குற மாரி தடவுறீக?" என்றாள்.

சுதாகர் நேற்றும் கூப்பிட்டான், பெங்களூரிலிருந்து. "அம்மா, பேரு ஒரு தடவ ஏறிட்டா எறங்காதும்மா. நாளைக்கு இது எங்க வீடுன்னு வந்து நின்னா என்ன பண்ணுவ? நல்லது பண்றதுக்கு ஒரு அளவு இல்லையா?" அளவு இருக்கிறது மகனே. அளவோடுதான் பண்ணியிருக்கிறேன். எண்ணைக் கொடுத்தேன், வீட்டைக் கொடுக்கவில்லை. மூன்று வாரமாக அவள் காலையில் வருகிறாள், சாயங்காலம் போகிறாள், இரு என்று நானும் சொல்லவில்லை, இருக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. முன்னறை சும்மா கிடக்கிறது. சுதாகரின் பழைய கட்டில், அதன்மேல் பேப்பர் கட்டு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் முந்தானையை உதறும்போது எனக்கு வருவது பயமா நிம்மதியா, பிரித்துப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய் விளக்கைப் போடுவேன். பயம் எதற்கு? திருடிவிடுவாள் என்றா? திருட என்ன இருக்கிறது. சாவாள் என்று. என் முன்னறையில், என் காது கேட்கும் தூரத்தில், அந்த இரைச்சல் நின்றுபோனால். மதிலோரத்தில் நின்றால் அது ஊரின் கணக்கு, இங்கே நின்றால் என்னுடையது. இதையா நான் அளவு என்கிறேன். மதிலோரம் ஒருவரும் காலை நீட்டிப் படுப்பதில்லை என்று அவள்தான் சொன்னாள். முன்பு பின்பக்கமாக வந்த லாரி ஒன்று ஒருவரின் பாதத்தில் ஏறிவிட்டது, அன்றிலிருந்து எல்லோரும் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவரில் முதுகை ஒட்டித்தான் படுக்கிறார்கள். "நடக்கயில மட்டுந்தாங்க்கா என் காலு நீளம்" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, பெரிய விஷயம் ஒன்றும் இல்லாதது போல. நான் காலேஜில் எத்தனை செய்யுள் படித்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இருக்காங்க. இருக்காங்க. இரு என்றால் காத்திரு, இரு என்றால் தங்கு, இரு என்றால் உயிரோடு இரு. ஒரே சொல். அவள் பெயரும் அதில்தான் தொடங்குகிறது. ஆக நான் சொல்லப்போவது பொய் இல்லை, இந்த நேரத்தில் அவள் இங்கே இருக்கிறாள்தானே, புகை வருகிறதே. இப்படி நியாயம் தேடும் மனசை எனக்குத் தெரியும், ஆள் இருக்கும்போதே இல்லை என்று சொல்லச் சொல்லும் முதலாளிகளின் குரலில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

மோட்டார் சைக்கிள். நின்றுவிட்டது. இன்னும் பதினோரு மணி ஆகவில்லை. "ரத்னாவதியம்மா வீடுதான? இருபத்தொண்ணு?" ஓய்வு பெறப் போகிற வயது, ஹெல்மெட்டைக் கழற்றியதும் நரைத்த முடி வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. "மொதல்ல தண்ணி குடுங்கம்மா. இந்த மதிலு ஓரமா வந்தா ஒரு பொட்டு நெழல் இல்ல." செம்பை அண்ணாந்து குடித்தார். படிவத்தைப் பிரித்தார். "இருளாயின்னு போட்டிருக்கு. அவங்க இங்க இருக்காங்களா?" "இருக்காங்க" என்றேன். வந்துவிட்டது, இவ்வளவு சுலபமாக. புளியங்கொட்டை விழுந்த இடத்தில் நாக்கு வெறுமையைத் தடவியது. "அடுப்பப் பாக்கணுமே." பின்வாசலுக்குக் கூட்டிப் போனேன். இருளாயி துவைகல்லைப் பிடித்து எழுந்திருக்கப் போனாள். "உக்காரும்மா, ஒல கொதிக்குது, பாரு" என்றார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து செங்கல்லைப் பார்த்தார். கரியைக் கட்டை விரலால் தேய்த்தார். விரலில் ஒட்டவில்லை. நல்லது, நல்லது, பதினோரு வருடத்து நெருப்பு, எங்கள் சாட்சி. பிறகு தலையைத் தூக்கி அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். வெள்ளை. போன தைக்கு அடித்த சுண்ணாம்பு, ஒரு நூல் புகைகூட ஏறாத பளிச்சென்ற வெள்ளை, வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் நானே துடைத்துத் துடைத்து வைத்த வெள்ளை. "கல்லுக்கு வயசாயிருச்சு. செவுரு இன்னும் பொறக்கவே இல்லையே" என்றார்.

எக்ஸ்சேஞ்சில் மௌனங்களுக்கு நீளம் உண்டு. கேள்வி காதில் விழாத மௌனம் குட்டையானது, பதில் தேடுகிற மௌனம் கொஞ்சம் நீளம், பதில் தெரிந்தும் சொல்ல மாட்டாத மௌனம் எல்லாவற்றையும்விட நீளம், அதில்தான் லைன் இரைவது நன்றாகக் கேட்கும். கேட்டது. இருளாயி மூச்சு விடுவது கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் மில் வளாகத்துக்குள் முளைத்துவிட்ட வேப்பமரங்களில் ஏதோ பறவை. பக்கத்து வீட்டில் மெஹருன்னிசாவின் மிஷின் நின்றுவிட்டது, அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "ராத்திரி எங்கம்மா படுக்கிறாங்க?" என்றார் அவர், என்னைப் பார்த்து. மிரட்டல் இல்லை அதில். வீட்டுக்கு வந்த ஒருவர் கேட்பது போலத்தான் கேட்டார். முன்னறை என்று சொல்லிவிடலாம். கட்டிலைக் காட்டலாம். கட்டில்மேல் பேப்பர் கட்டு. அவர் அதையும் பார்ப்பார், இவர் பார்க்கிற ஆள். ஒரு சவ்வு திறந்து, மூடி, திறந்து. எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, காதில் கருவி மாட்டிய அந்த இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் தெளிவான குரல்: "இன்னைக்கு ராத்திரி இங்கதாங்க படுப்பாங்க." இருளாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நேத்து என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிடுவேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று நின்றேன். அவர் பேனாவைத் திறந்தார். "நேத்து எங்கன்னு இதுல கேள்வி இல்ல" என்றார். எழுதினார். "போன் நம்பர்?" இருளாயிக்குப் போன் இல்லை. என்னுடையதைச் சொன்னேன், பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, பழைய பழக்கத்தில் தாளம் தப்பாமல். எழுதி முடித்தவர் ஒரு கணம் தயங்கி, எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஏதோ எழுதினார். தலைகீழாகத்தான் தெரிந்தது, ஆனாலும் படித்துவிட்டேன். பி.பி. "எங் கல்யாணப் பத்திரிகைல இப்பிடித்தாம்மா, மருந்துக்கடை நம்பரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "கார்டு கெடச்சுரும். போன்ல தகவல் வரும், நீங்கதான் கூப்புட்டுச் சொல்லணும்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். போகும்போது வெள்ளைச் சுவரைக் காட்டி, "கொஞ்சம் அழுக்காக விடுங்க" என்றார்.

மெஹருன்னிசா ஊசி குத்திய நூல்கண்டைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். "போட்டாரா? கையெழுத்துப் போட்டாராக்கா? செவுரப் பாத்தாரு, எனக்கு உசிரே போயிருச்சு. பாத்தியாடி இருளாயி, இந்தத் தெருவுலயே சுத்தத்தால மாட்ட இருந்த ஒரே வீடு இதுதான்." சிரித்தாள், அழுதாள், ஜெபமாலையிடம் சொல்ல வேண்டும் என்று அந்த நூல்கண்டோடேயே தெருவில் ஓடினாள். ஏழு வாசல்களிலும் தலைகள் நீள்வது தெரிந்தது, சங்கு ஊதியது போல. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை பேர் எப்படி இருக்கிறார்கள் இந்த ஊரில், மில் போய், ஆறு வறண்டு, வேலை வேறு ஊருக்குப் போய்விட்ட இந்த ஊரில், நான் எங்கே இருந்தேன் இவ்வளவு நாளும். பின்வாசலில் சுர்ரென்று ஒரு ஓசை. திரும்பினால் இருளாயி பானையை இறக்கி வைத்துவிட்டு, தீயில் தண்ணீர் தெளித்து, விறகை அணைத்துக்கொண்டிருந்தாள். சாக்கை எடுத்து உதறினாள். "கல்லு சுடும், ஆறட்டும்" என்றேன். "துணிய வச்சுப் புடிச்சுக்கிறேன்க்கா. சோறு வடிச்சுட்டேன், ஒங்களுக்கு மூடி வச்சிருக்கு. வெள்ளனவே போனாத்தான் செவுத்தோரம் எடம் கெடைக்கும்." அதிகாரிக்காகச் சொன்னதை அதிகாரியோடு அனுப்பிவிட்டாள். கோபம் இல்லை அவளுக்கு, எதிர்பார்ப்பும் இல்லை, முதல் கல்லைத் துணியால் சுற்றித் தூக்கினாள், மூச்சு இரைந்தது, இங்கே நிற்கிற என் காதுக்கே கேட்டது.

"இரு" என்றேன்.

நின்றாள். கல்லைப் பிடித்தபடி, லேசாகக் குனிந்து, எத்தனையோ வாசல்களில் நின்று பழகிய நிற்பு அது. உள்ளே போய்ப் பழைய சேலையோ மிச்சக் குழம்போ எடுத்து வருவேன் என்று நினைத்திருப்பாள். நான் போகவில்லை. முன்னறையில் பேப்பர் கட்டை இறக்க வேண்டும், அவ்வளவுதான், அது என் கையால் முடியும். சுவரில் அடுப்புக்கு நேரே, ஒரு விரல் அகலத்துக்கு, புகை ஏறத் தொடங்கியிருந்தது. அதைத் துடைக்கக் கை போகவில்லை. கல் அவள் கையில் சுடுகிறதே என்று, அதைத் துணியோடு வாங்கி மற்ற இரண்டோடு பழைய இடத்திலேயே வைத்தேன்.

"எம்புட்டு நேரம்க்கா?" என்றாள்.

"நீட்டிச்சுக்கலாம்" என்றேன்.